ஒரே மூலக்கூறு, மூன்று பெயர்கள்: கரிமச் சேர்மங்களை எந்த முறையில் அழைப்பது?

கார்பன் பாடம் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்: அசிட்டிக் அமிலமும் எத்தனாயிக் அமிலமும் ஒன்றேதான் என்றால் எதற்கு இரண்டு பெயர்? "ஐயூபிஏசி பெயரைப் படி, அது போதும்" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்புதான் ஐயூபிஏசி. ஆனால் அந்த அறிவுரை பாதிப் பதில்தான். ஆய்வக அலமாரியில் இருக்கும் பாட்டிலில் கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்றுதான் எழுதியிருக்கும். எத்தனாயிக் அமிலத்தை மட்டும் படித்த பிள்ளை அந்தப் பாட்டில் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும். எந்த முறை எதற்கு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பமே வராது.

ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கார்பன். அதைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. இதற்குப் பொதுப்பெயர் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். கார்பினால் முறையில் டிரைமெத்தில் கார்பினால். ஐயூபிஏசி முறையில் 2-மெத்தில்புரோப்பன்-2-ஆல்.

முதல் பெயர் மொத்தம் நான்கு கார்பன் என்கிறது. ஹைட்ராக்சில் ஏந்திய கார்பன் வேறு மூன்று கார்பன்களோடு பிணைந்திருக்கிறது என்கிறது. படத்தை நாமே யோசித்து வரைய வேண்டும். கார்பினால் முறை மெத்தனாலையே தாயாக வைத்து, அதன் மூன்று ஹைட்ரஜன்களுக்குப் பதில் என்ன வந்திருக்கிறது என்று சொல்கிறது. படிக்கும்போதே கை வரைந்துவிடும். ஐயூபிஏசி பெயரோ மூன்று கார்பன் சங்கிலியை முதலில் போடச் சொல்லி, அதன் இரண்டாம் கார்பனில் மீதி மெத்திலையும் ஹைட்ராக்சிலையும் தொங்கவிடுகிறது. மூலக்கூறின் சமச்சீர் அந்தப் பெயரில் கண்ணில் படாது. இந்த ஒரு சேர்மத்தில் என் ஓட்டு கார்பினாலுக்குத்தான்.

அந்த முறையைக் கொடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் கோல்பே. ஒவ்வொரு ஹைட்ரஜனாக மாற்றிப் பார்க்கும் இந்தச் சிந்தனையாலேயே, ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால்கள் இருந்தாக வேண்டும் என்று அவை கையில் கிடைக்கும் முன்பே அவரால் சொல்ல முடிந்தது. 1862-இல் பிரான்சின் ஃபிரீடெல் அசிட்டோனை ஒடுக்கி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பெற்றார். 1864-இல் ரஷ்யாவின் பட்லெரோவ் நாம் மேலே பார்த்த மூவிணைய ஆல்கஹாலையே தயாரித்தார். ஆனால் கார்பினால் முறை ஆல்கஹால்களைத் தாண்டாது. ஒரு பக்கம் நீண்ட கிளைச்சங்கிலி வந்தாலோ, கூடவே இன்னொரு வினைச்செயல் தொகுதி (ஹைட்ராக்சில் போல, சேர்மம் எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம்) இருந்தாலோ தடுமாறும். டிரைபீனைல் கார்பினால் போன்ற ஒரு சில பெயர்களில்தான் இன்று அது உயிரோடு இருக்கிறது.

அதே ஃபிரீடெல்தான் 1892-இல் ஜெனீவாவில் கூடிய பெயரிடல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். மிக நீண்ட கார்பன் சங்கிலியே அடிப்படைப் பெயரைத் தரும், பின்னொட்டு வினைச்செயல் தொகுதியைச் சொல்லும் என்ற இன்றைய முறையின் வேர் அங்கே இருக்கிறது. 1919-இல் பிறந்த ஐயூபிஏசி அதைத் தொடர்ந்து வளர்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஃபிரீடெலின் ஆல்கஹால் பழைய பெயரிலேயே புழங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுத்திகரிப்புக் கலவை ஒன்றில் 75 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதைப் புரோப்பன்-2-ஆல் என்றும் சொல்லலாம். ஆனால் ஐசோபுரோப்பனால் என்று எழுதாதீர்கள். ஐசோபுரோப்பேன் என்றொரு ஹைட்ரோகார்பன் கிடையாது. இல்லாத தாய்க்கு 'ஆல்' பின்னொட்டு எப்படிச் சேரும்? இரண்டு முறைகளைப் பாதிப் பாதியாகக் கலப்பதுதான் விடைத்தாள்களில் அதிகம் வரும் பிழை.

ஆல்கேன்களில் போட்டியே இல்லை, ஐயூபிஏசிதான். பென்டேனுக்கு மூன்று மாற்றியங்கள், அதாவது ஒரே வாய்பாடு, வேறு வேறு அமைப்பு. நார்மல், ஐசோ, நியோ என்று மூன்றுக்கும் முன்னொட்டு இருக்கிறது. ஹெக்சேனுக்கு ஐந்து. அங்கேயே முன்னொட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. ஆக்டேனுக்கு 18, டெக்கேனுக்கு 75. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து யார் மனப்பாடம் செய்வது? அதைவிட மோசம், இருக்கும் பொதுப்பெயரே தப்பாக வழிகாட்டுவது. சங்கிலியின் இரண்டாம் கார்பனில் ஒரு மெத்தில் இருந்தால் ஐசோ என்பது விதி. அதன்படி ஐசோஆக்டேன் 2-மெத்தில்ஹெப்டேனாக இருக்க வேண்டும். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணுக்கு 100 என்று அளவுகோலாக வைத்திருக்கும் ஐசோஆக்டேன் அது அல்ல, 2,2,4-டிரைமெத்தில்பென்டேன். பொதுப்பெயரை நம்பி அமைப்பு வரைந்தால் மதிப்பெண் போய்விடும்.

கொழுப்பு அமிலங்களில் ஆட்டம் மாறுகிறது. நம் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சோப்பு செய்பவரும் உணவுத் துறைக்காரரும் அதை டோடெக்கனாயிக் அமிலம் என்று சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் எல்லாம் அப்படியே. ஆனால் காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்ற மூன்றைப் பாருங்கள். ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தவை. எதற்கு எத்தனை கார்பன் என்று பெயரிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. ஹெக்சனாயிக், ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்றதும் 6, 8, 10 என்று தெளிந்துவிடும்.

இங்கே எண்ணிடுவதிலும் ஒரு போட்டி ஒளிந்திருக்கிறது. ஐயூபிஏசி முறை அமிலத் தொகுதியின் கார்பனை 1 என்று வைத்து எண்ணும். கிரேக்க எழுத்து முறையில் அதற்கு அடுத்த கார்பன்தான் ஆல்ஃபா. ஆகவே ஆல்ஃபா என்றால் 2, பீட்டா என்றால் 3. இந்த ஓர் எண் வித்தியாசத்தில் தடுக்கி விழும் பிள்ளைகள் ஏராளம். ஊட்டச்சத்துக்காரர்களோ எதிர்முனையிலிருந்து எண்ணுகிறார்கள். ஆல்ஃபா-லினோலெனிக் அமிலத்தில் 18 கார்பன்கள். இரட்டைப் பிணைப்புகள் ஐயூபிஏசி கணக்கில் 9, 12, 15-இல். மெத்தில் முனையிலிருந்து பார்த்தால் முதல் இரட்டைப் பிணைப்பு 3-இல் வரும். அதுதான் ஒமேகா-3. உடல் இந்தச் சங்கிலியை நீட்டும்போது அமில முனையில்தான் கார்பன்களைச் சேர்க்கிறது. ஐயூபிஏசி எண்கள் எல்லாம் மாறிப்போகும், ஒமேகா எண் மாறாது. உணவியலுக்கு அந்த எண்தான் பொருத்தம்.

பெயருக்கு முன்னால் வகைப்பாடு வருகிறது, அங்கும் இரண்டு வழி: கார்பன் கூட்டின் வடிவத்தை வைத்துப் பிரிப்பது, வினைச்செயல் தொகுதியை வைத்துப் பிரிப்பது. ஏழு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட வாய்பாட்டில் பென்சீன் வளையம் உள்ளவை ஐந்து: பென்சைல் ஆல்கஹால், மூன்று கிரெசால்கள், அனிசோல். கூட்டை மட்டும் பார்த்தால் ஐந்தும் அரோமேட்டிக், ஒரே பெட்டி. ஆய்வகத்தில் அவை அப்படி நடந்துகொள்வதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றினால் கிரெசால் கரைந்துவிடும், மற்ற இரண்டும் கரையாது. மிஞ்சியதில் உலோக சோடியத்தைப் போட்டால் பென்சைல் ஆல்கஹாலில் ஹைட்ரஜன் குமிழி வரும், ஈதரான அனிசோலில் வராது. தொகுதி முறைக்கே இங்கு வெற்றி, ஆனால் முழு வெற்றி இல்லை. பென்சைல் ஆல்கஹாலிலும் கிரெசாலிலும் இருப்பது அதே ஹைட்ராக்சில் தொகுதிதான். அது வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கிறதா, ஒரு கார்பன் தள்ளி நிற்கிறதா என்பதைக் கூட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எனவே முதலில் கூடு, உடனே தொகுதி என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்கப் பழக்க வேண்டும்.

ஐயூபிஏசி விதிகளும் கல்லில் பொறித்தவை அல்ல. 2-பியூட்டனால் என்று எழுதியதை, 1993 வழிகாட்டிக்குப் பிறகு பியூட்டன்-2-ஆல் என்று எழுதுகிறோம். 2013 பரிந்துரைகள் இன்னும் தூரம் போயின: அசிட்டிக் அமிலம், அசிட்டால்டிஹைடு, அசிட்டிலீன், டொலுயீன் ஆகிய பழைய பெயர்களே முன்னுரிமைப் பெயர்கள் ஆயின, அசிட்டோனுக்கு மட்டும் புரோப்பன்-2-ஓன். இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் போனது, நீளம்தான் முதலில். பழைய விதியில் 2-எத்தில்பென்ட்-1-ஈன் ஆக இருந்தது இப்போது 3-மெத்திலிடீன்ஹெக்சேன். பள்ளித் தேர்வுக்குப் பாடநூலில் இருக்கும் பழைய விதியையே எழுதுங்கள். ஆனால் அசிட்டிக் அமிலம் என்று எழுதிய பிள்ளையிடம் "அது காலாவதியான பெயர்" என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. அது உண்மையல்ல.

நான் கற்பிக்கச் சொல்லும் வரிசை: முதல் ஐந்து கார்பன்களுக்கு இரண்டு பெயரும், அதற்கு மேல் ஐயூபிஏசி மட்டும், கூடவே அன்றாடம் புழங்கும் அமிலங்களும் கரைப்பான்களும் பழைய பெயரில்.

ஆய்வகத்துக்கு இன்னொன்றும் வேண்டும். மெத்தனால், எத்தனால், மெத்தில் ஆல்கஹால், எத்தில் ஆல்கஹால். எந்த முறையில் சொன்னாலும் காதுக்கு ஓர் ஒலிதான் வித்தியாசம். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இந்த இடத்தில் பெயரைவிட, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் சிஏஎஸ் பதிவு எண்ணை நம்பலாம். எத்தனாலின் சிஏஎஸ் எண் 64-17-5, மெத்தனாலுடையது 67-56-1. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைத்தது. எத்தனாலில் 6, 4, 1, 7 என்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3, 4-ஆல் பெருக்கிக் கூட்டினால் 7, 2, 12, 24 சேர்ந்து 45. அதன் கடைசி இலக்கம் 5. மெத்தனாலுக்கு இதே கணக்கைப் போட்டால் 61, கடைசி இலக்கம் 1. புதுப் பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளில் அந்த எண்ணைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.