கல்லடிப் பக்கத்து மிருக கிளினிக்: 2019ல இருந்து போய் வாற என்ட அனுபவம்

மட்டக்களப்புல நாய் பூனைய எங்க காட்டுற எண்டு தெரிஞ்ச ஆக்கள் அடிக்கடி கேக்குறாங்க, போன்ல துண்டு துண்டா சொல்றத விட ஒரேயடியா எழுதிட்டா நல்லம் எண்டுதான் இத எழுதுறன். நான் போறது கல்லடிப் பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கிளினிக், ரெண்டு அறை, முன்னால ஒரு வாங்கு, வெளியில வேப்ப மரம், அவ்வளவுதான். ஆனா அங்க நிறுக்காம, காய்ச்சல் பாக்காம ஒரு உசிருக்கும் ஊசி ஏத்த மாட்டாங்க. என்ட நாய் ரொமி வாலாட்டிக்கிட்டு சுகமாப் போனாலும் முதல்ல தராசுலதான் ஏத்துவாங்க, நிறைய கார்டுல எழுதுவாங்க, மறுகாதான் மத்தக் கதை. நான் அந்த இடத்த விட்டு வேற இடம் போகாததுக்கு முக்கிய காரணமே இதுதான்.

இது ஏன் அவ்வளவு பெருசு எண்டா, எங்கட பக்கம் மிருக வைத்தியம் எண்டாலே மாடுதான். வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக்குப் போனா தெரியும், பட்டி பட்டியா மாடும் எருமையும், மட்டக்களப்புத் தயிருக்கு உள்ள பேர் சும்மா வந்ததில்ல. அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கு, நல்லா வேலையும் செய்றாங்க, ஆனா சினைப்படுத்துறது, கால் வாய் நோய்க்குத் தடுப்பூசி, வருத்தம் வந்த மாட்டத் தேடி வயலுக்கும் காட்டுக்கும் போறது எண்டு அவங்கட நாளே அதுல முடிஞ்சிரும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயலோட வந்த குளிர்ல வடக்கு கிழக்குல ஆடு மாடு கொத்துக் கொத்தா செத்த நேரம் அந்த ஆக்கள் பட்ட பாட்ட நினைச்சா, என்ட நாய்க்கு உண்ணி எண்டு போய் நிக்கவே மனசு வராது. அதால கன பேர் என்ன செய்றாங்க எண்டா வீட்ட வந்து ஊசி போடுற ஆரையாவது புடிக்கிறாங்க. அவர் வந்து நாயப் பாப்பார், கண்ணால ஒரு மட்டம் வைப்பார், ஊசி ஏத்துவார், போயிருவார். என்ன மருந்து எண்டு கேட்டாலும் பதில் வராது. எங்கட ஒழுங்கையிலயே அப்படி நடந்து ஒரு நல்ல நாய் போயிட்டுது, அதுக்கு என்ன வருத்தம் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஆருக்கும் தெரியா.

ரொமிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்த கதையச் சொன்னா வித்தியாசம் விளங்கும். சோறும் மீன் ஆணமும் வச்சா சட்டிய நக்கி வைக்கிறவன் மணந்து பாத்துட்டுப் போய் மண்ணுல படுத்துக்கிட்டான், எழும்பச் சொன்னா வால மட்டும் ஆட்டுறான், எழும்புறானில்ல. மூக்கு ஈரமாத்தானே இருக்கு, காய்ச்சல் இல்ல எண்டு அம்மா சொன்னா, டொக்டர் மூக்கத் தொடவே இல்ல, குதத்துல தேர்மோமீட்டர் வச்சிப் பாத்துட்டு 104 எண்டாங்க, நாய்க்கு சாதாரணமா 101ல இருந்து 102.5 வரைக்கும் இருக்கும். மறுகா உதட்ட உயத்தி முரசக் காட்டினாங்க, இளம் சிவப்பா இருக்க வேண்டிய இடம் வெளிறிப் போய்க் கிடந்திச்சி. இரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா பிளேட்லெட் நல்லாக் குறைஞ்சிருக்கு, நாங்க டெங்குக்கு அடிச்சிப் புடிச்சிப் பாக்கிற அதே பிளேட்லெட்தான், நாய்க்கும் கிட்டத்தட்ட 2 இலட்சத்துக்கு மேல இருக்கோணும்.

அப்ப டொக்டர் சொன்ன விசயம் முக்கியம். உண்ணிக் காய்ச்சல் எண்டு நாம ஒரு பேர் வச்சிருந்தாலும் அது ஒரு வருத்தம் இல்ல. எர்லிக்கியா எண்டு ஒரு பக்டீரியா இருக்கு, பபீசியா எண்டு சிவப்பணுக்குள்ள போய் இருந்து அத உடைக்கிற வேற ஒரு கிருமி இருக்கு, ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மத்ததுக்கு சரிவராது, சில நாய்க்கு ரெண்டும் சேந்தும் இருக்கும். பாக்காம ஊசி போடுறது எவ்வளவு பிழை எண்டு எனக்கு அப்பதான் முழுசா விளங்கினது. ரொமிக்கு வந்தது எர்லிக்கியா, நிறைக்குக் கணக்குப் பாத்து டொக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதித் தந்தாங்க. ரெண்டு மூணு நாள்ல எழும்பித் திரிவான், அதுக்காக நிப்பாட்டிராதீங்க எண்டு கார்டுலயும் எழுதி வாயாலயும் சொல்லி விட்டாங்க. வெறும் வயித்துல குடுக்க வேணாம், சத்தி எடுக்கும், சோத்தோட குடுங்க எண்டும் சொன்னாங்க. சொன்ன மாதிரியே கெதியா எழும்பிட்டான், மருந்த நாங்க முழுசாக் குடுத்து முடிச்சம்.

இன்னொண்டு, உண்ணி நாயில மட்டும் இல்ல. இரத்தம் குடிச்சி முடிச்ச பெட்டை உண்ணி கீழ இறங்கி சுவர் வெடிப்பு, கதவு நிலை, நாய்க் கூட்டுப் பலகை இடுக்கு எண்டு போய் ஆயிரக்கணக்குல முட்டை விடும். நாய மட்டும் குளிப்பாட்டிட்டு விட்டா திரும்பவும் ஏறும். எங்கட திண்ணை வெடிப்பெல்லாம் சீமெந்து பூசி அடைச்சம், கூட்டையும் மாத்தினம், அதுக்குப் பிறகுதான் குறைஞ்சிச்சி.

பின்னேரத்துலதான் கிளினிக் திறக்கும், அந்த வாங்குல இருந்தா நேரம் போறது தெரியா. காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் இருந்து நிறையப் பூனை வரும். சந்தைக் கூடைக்குள்ள துணி போட்டு, மேல இன்னொரு கூடையக் கவுத்துக் கட்டிக் கொண்டு வருவாங்க. "தங்கச்சி, நாய கொஞ்சம் அங்கால புடிங்க மனே, இது பயப்புடுது" எண்டு ஒரு ராத்தா சொல்ல, நான் ரொமியக் கூட்டிக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போவன். இப்ப அத ஒழுங்காவே ஆக்கிட்டாங்க, பூனை உள்ளுக்கு, நாய் மரத்தடியில, பேர் கூப்பிட்டா மட்டும் உள்ள வரலாம். நாயோட ஒட்டாத ஆக்களும் பூனையோட நிம்மதியா வந்து இருக்கலாம், எனக்கு இது மிச்சம் புடிச்ச ஒழுங்கு.

உள்ள சுவருல பெரிய எழுத்துல ஒரு மட்டை ஒட்டியிருக்கு, "பூனைக்கு பனடோல் குடுக்காதீங்க" எண்டு. அது ஒட்டின காரணம் எனக்குத் தெரியும், நான் இருக்கக்குள்ளதான் அந்தப் பூனையக் கொண்டு வந்தாங்க. காய்ச்சல் எண்டு புள்ளைக்குக் குடுக்கிற மாதிரிப் பாசத்துல ஒரு பாதிக் குளிசை குடுத்திருக்காங்க. முகம் வீங்கி, முரசு மண்ணிறமாப் போய், மூச்சு வாங்கிக்கிட்டு இருந்திச்சி. பரசிட்டமோல உடைச்சி வெளியேத்துற சக்தி பூனைட ஈரலுக்கு சரியாக் கிடையாது, அது இரத்தத்தக் கெடுத்து ஒட்சிசன் ஏறாமப் பண்ணிரும், பாதிக் குளிசையே ஆள முடிச்சிரும். டொக்டர் இரவு வரைக்கும் பக்கத்துலயே இருந்தும் ஏலாமப் போச்சி. தயவு செஞ்சி இத மட்டுமாவது வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. நாய்க்குப் போடுற உண்ணி மருந்தையும் பூனைக்குப் போட வேணாம், பெர்மெத்ரின் உள்ளது எண்டா பூனைக்கு வலிப்பு வரும்.

பெட்டை நாய் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம். குட்டி போடாம இருக்க ஒரு ஊசி போட்டு விடுங்க எண்டு கேட்டு வாறவங்க கனக்க. இவங்க அந்த ஹோர்மோன் ஊசி போட மாட்டாங்க, கர்ப்பப்பையில சீழ் வைக்கிற ஆபத்து அதால கூடும் எண்டு பொறுமையா விளங்கப்படுத்தி ஒப்பரேசனுக்குத்தான் நாள் குடுப்பாங்க. ஊசிக் காசு வேணாம் எண்டு விட்டுட்டு நேரத்த செலவழிச்சிக் கதைக்கிற ஆக்கள் எத்தினை பேர் இருக்காங்க? எங்கட அக்காட நாய்க்கு அங்கதான் செஞ்ச, தையல் காயுற வரைக்கும் நக்காம பாக்கிறதுதான் சரியான கஷ்டம், பழைய பிளாஸ்டிக் வாளிட அடிய வெட்டிக் கழுத்துல மாட்டி விட்டம்.

குறையும் இருக்கு, அதையும் சொல்லோணும். எக்ஸ்ரே இல்ல. இரவுல ஒண்டு நடந்தா விடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், டொக்டருக்குப் பகல்ல அரச வேலையும் இருக்கு, ஒரு மனுசர் எவ்வளவுதான் செய்ற. எலும்பு முறிவு, பெரிய ஒப்பரேசன் எண்டா பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தருவாங்க, இஞ்ச இருந்து மகியங்கனைப் பாதையால மலை ஏறிப் போகோணும், அடிபட்ட நாயோட அந்தப் பயணம் நினைச்சாலே நெஞ்சு பதறும். இவ்வளவு சனம் மிருகம் வளக்கிற கிழக்குல அப்படி ஒரு இடம் வந்தே ஆகோணும். 2022 நெருக்கடில மருந்தும் தட்டுப்பாடா இருந்திச்சி, அப்ப இருக்கிற தடுப்பூசி மருந்த முதல்ல குட்டிகளுக்கு எண்டு ஒதுக்கி வச்சாங்க, பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் வந்தா குட்டிதான் கூட சாகும் எண்டு. எனக்கு அதுல ஒரு கோவமும் வரல்ல.

விசர்நாய்த் தடுப்பூசிக்கு மட்டும் கிளினிக்குக்குத்தான் போகோணும் எண்டில்ல, சுகாதாரப் பகுதியால ஊருக்குள்ள இலவசமா போட வருவாங்க, அறிவிப்புச் சொன்னா தவற விடாதீங்க, பூனைக்கும் போடலாம், வருசா வருசம் போடோணும். கடி பட்டா காயத்த ஓடுற தண்ணில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு ஒண்டும் வைக்க வேணாம்.

புதுசாப் போறவங்க கார்ட்ட மறக்காமக் கொண்டு போங்க, முதல் எங்கயாவது ஊசி போட்டிருந்தா அந்த மருந்துப் போத்தல்ட லேபிளையாவது படம் எடுத்துக் கொண்டு போய்க் காட்டுங்க. மாரி காலத்துல கொஞ்சம் வெள்ளெனப் போறது நல்லம், காயத்துல புழு வச்ச நாய்கள் அந்த நேரம் நிறைய வரும், ஒவ்வொரு புழுவா எடுத்து முடிக்க நேரம் எடுக்கும், அவங்க அவசரப்படுத்த மாட்டாங்க.