சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, பணம் கட்டி தன்னார்வலர் ஆகாதீர்கள்

சேலத்தில் சட்டம் படிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த போஸ்டர் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. டிரஸ்ட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மேலே அதே மூன்று சிங்க முத்திரை, கீழே அதே வாசகம்: ஏற்காடு மலை கிராமங்களில் இலவச சட்ட உதவி முகாம், சட்ட மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப், அடையாள அட்டை, படிப்பு முடிந்ததும் வேலை. போன வருடம் இதற்குப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் அலுவலகம். பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய். வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் என்றார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. கேட்டேன். "டிரஸ்ட்டுன்னா அப்படித்தான்மா எழுதணும்" என்றார் கணக்கு பார்க்கிற அண்ணன். நாளைக்குத் திருப்பிக் கேட்டால், நீங்களாக விரும்பிக் கொடுத்த பணம்தானே என்று சொல்வதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். பின்னால் அப்படியே சொன்னார்கள்.

அலுவலகத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு வழக்குக் கட்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. போஸ்டரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொன்னார்கள். ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் 'ஒருங்கிணைப்பாளர்', அதற்கு மேல் முன்பணம் கட்டினால் 'மாவட்ட சட்ட அலுவலர்'. இப்படி ஒரு ஏணியைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது என் 4,500 ரூபாய் அல்ல, மலையில் நடந்ததுதான்.

எங்களையெல்லாம் கறுப்புக் கோட்டு போட்டு வரச் சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாகலூர் தாண்டி ஒரு சின்ன ஊர். காபி எஸ்டேட் கூலி வேலையை விட்டுவிட்டு ஜனங்கள் வந்து காத்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் 'மலையாளி' எனப்படும் மலைவாழ் பழங்குடி மக்கள். பேனரைக் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுத்து, மனித உரிமை பற்றி ஒருவர் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் ஆளுக்கொரு மேஜையில் எங்களை உட்கார வைத்தார்கள். பட்டா வேண்டுமா, சாதிச் சான்றிதழ் வேண்டுமா, வன உரிமை வேண்டுமா என்று கேட்டு படிவம் நிரப்ப வேண்டும். ஆதார் ஜெராக்ஸ் வாங்க வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு 300 ரூபாய். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து அல்லது கைநாட்டு.

என் மேஜைக்கு வந்த பாட்டி சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டே, "ஏங் கண்ணு, இதுல ரேகை வெச்சா பட்டா வந்துருமா?" என்று கேட்டார். அவர் நம்பியது அந்த டிரஸ்ட்டை அல்ல. என் கோட்டை நம்பினார், படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பினார். எங்களை அங்கே கூட்டிப் போனதே அதற்காகத்தான். நானும் பக்கத்து மேஜைத் தோழியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதற்குப் பணம், வெள்ளைத் தாளில் எதற்குக் கையெழுத்து என்று கேட்டோம். "உங்களுக்கு சர்டிபிகேட் வேணுமா வேண்டாமா?" இதுதான் பதில். அந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். அதுதான் பிறகு உதவியது.

அங்கே வந்திருந்த யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் எல்லோருக்கும் சட்ட உதவி இலவசம். அவர்களுக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை. வன உரிமைக் கோரிக்கை என்றால் 2006-ஆம் வருடச் சட்டப்படி அது கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். ஏதோ ஒரு டிரஸ்ட்டின் படிவத்தில் அல்ல.

இனி சர்டிபிகேட். ஆறு வாரம் இடைவிடாமல் இன்டர்ன்ஷிப் செய்ததாக அச்சடித்துக் கொடுத்தார்கள். கல்லூரியில் மேடம் பார்த்த உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரமும், ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஆனால் எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன செய்தோம் என்று டைரி எழுத வேண்டும். அதை வழிகாட்டியும் ஆசிரியரும் பார்த்து மதிப்பிடுவார்கள். செய்யாத வேலைக்கு எந்த டைரியைக் காட்டுவது? போதாததற்கு அடையாள அட்டையிலும் அந்த மூன்று சிங்க அரசு முத்திரை. அதைத் தனியார் இஷ்டத்துக்கு அச்சடிப்பது 2005-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படி ஓர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கேயாவது காட்டினால் முதலில் மாட்டப்போவது நீங்கள்தான்.

மலைக்குப் போய்ச் சேவை செய்ய ஆசைப்படுகிறவர்களின் மனசை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆசைக்குச் சரியான வழி அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களை, அதாவது பி.எல்.வி.க்களை எடுக்கிறார்கள். வக்கீலாகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். பயிற்சி அவர்களே தருகிறார்கள், அடையாள அட்டையும் அவர்களே தருகிறார்கள், வேலை செய்கிற நாளுக்கு மதிப்பூதியமும் உண்டு. நம்மிடம் பணம் கேட்பதே இல்லை. கல்லூரியிலேயே சட்ட உதவி மையம் இருந்தால் அங்கிருந்தும் தொடங்கலாம். விசாரணை நீதிமன்ற வக்கீல் ஒருவரிடம் போய், "சார், லீவில் வந்து கட்டு படிக்கட்டுமா?" என்று கேட்டால் அநேகமாக யாரும் விரட்ட மாட்டார்கள். நான் இப்போது ஒரு சீனியர் மேடத்திடம் அப்படித்தான் போகிறேன்.

வேலை ஆசை காட்டுவதற்கும் மயங்காதீர்கள். 'மாவட்ட சட்ட அலுவலர்' பதவியை எந்த டிரஸ்ட்டும் கொடுக்க முடியாது. சிவில் நீதிபதி தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதற்கும் மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிதாகப் பதிவு செய்தவர்கள், குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவியாளர் நிலைக்கு முயற்சி செய்யலாம். அதுவும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகத்தான்.

நாங்கள் போட்டோக்களோடு ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டார்கள். டிரஸ்ட்டுக்கு அறிவிப்பு போன பிறகு மலைக்காரர்களின் ஆதார் நகல்களும் கையெழுத்துத் தாள்களும் திரும்பி வந்தன. எல்லாம் வந்தனவா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. 300 ரூபாய் சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. மாணவர்களுக்கு எதுவும் வரவில்லை.

அவர்கள் புதுப் பெயரில் மறுபடி கிளம்பியிருப்பதால், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கப் போகிறோம். போன வருடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் ஜிபே பதிவையும் அழிக்காதீர்கள். தனித்தனியாகப் போகாமல் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். ஏற்காட்டில் சொந்தக்காரர்களோ கூடப் படிக்கிறவர்களோ இருந்தால், அந்த முகாமில் கைநாட்டு வைத்தவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100-ஐச் சொல்லுங்கள். கீழே இறங்கி வர முடிந்தவர்களைக் கையோடு கோர்ட் வளாகத்துக்குக் கூட்டி வாருங்கள்.