வேலூரிலிருந்து லண்டன்: சென்னையில் ஏறுவதா, பெங்களூரிலா?

அம்மாவைத் தங்கை வீட்டுக்கு லண்டன் அனுப்ப டிக்கெட் போடும்போது எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. இரண்டு ஊரிலிருந்தும் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாங்கள் சென்னையில் ஏற்றிவிட்டோம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வானத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சென்னையிலிருந்து சுமார் 8,200 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 8,000. அந்த 200 கி.மீ. விமானத்துக்குக் கால் மணி நேரம். போகும்போது எதிர்காற்று என்பதால் திரும்பி வருவதைவிட நேரம் கூடுதலாகும். பத்து, பதினோரு மணி நேரம் உட்காரத்தான் வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள். லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை.

துபாய் வழியாகப் போனாலும் தூரம் அதிகம் கூடாது: 2,900-உம் 5,500-உம் சேர்த்து 8,400 கி.மீ. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். முழங்கால் வலியோடு தனியாகப் போகும் அம்மாவுக்கு அது சரிப்படாது.

ஆகவே தரையைத்தான் பார்க்க வேண்டும். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 130 கி.மீ. வாலாஜா, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மதுரவாயல் பைபாஸைப் பிடித்தால் நகரத்துக்குள் நுழையாமலே போய்விடலாம். சாலை அகலப்படுத்தும் இடங்களில் வண்டி ஊரும். அதற்கு ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். பெட்டி குறைவென்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம் போகலாம். ராத்திரி மெட்ரோ ஓடாது என்பதை மறக்க வேண்டாம்.

பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளி பக்கம், ஊருக்கு வடக்கே. ஓசூர் வழியாகப் போனால் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று மொத்த நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும். சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொசகோட்டே வழி அதைவிட மேல். ஆனால் மொகிலி கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். இருட்டில் அந்தப் பாதையில் நான் அதிகம் போனதில்லை, பகல் அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

வாடகை வண்டி என்றால் இன்னும் தெளிவு. இறக்கிவிட மட்டும் கூப்பிட்டாலும் போக வர கிலோமீட்டர் போடுவார்கள். சென்னைக்கு 260, தேவனஹள்ளிக்கு 400-க்கு மேல். டிரைவர் பேட்டா, டோல் தனி. சித்தூர் வழி என்றால் ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் பர்மிட் செலவு யார் தலையில் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெங்களூர் டிக்கெட் மூவாயிரம் குறைவு என்று தங்கை சொன்னதும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். வண்டியிலேயே அந்த மூவாயிரம் போய்விடும்.

திருப்பத்தூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குச் சென்னைதான் தூரம். ஓசூர் ரோட்டு நெரிசல் இல்லாத நேரத்தில் விமானம் கிடைத்தால் பெங்களூரிலேயே ஏறலாம்.