கே-1 விசாவா, சிஆர்-1 விசாவா? துணையை அமெரிக்காவுக்கு அழைத்துவர எந்த வழி

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் துணையை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள நினைத்தால் அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பே வரவழைக்கும் கே-1, அதாவது ஃபியான்சே விசா. கல்யாணத்தை முடித்துவிட்டு விண்ணப்பிக்கும் சிஆர்-1. துணை ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்தால், அங்கிருந்தபடியே நிரந்தரக் குடியிருப்பு அட்டையான கிரீன் கார்டுக்கு மாறும் ஏஓஎஸ் (அட்ஜஸ்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்டஸ்).

எல்லோரும் முதலில் கேட்பது, "எதில் சீக்கிரம் விமானம் ஏறலாம்?" கேள்வி இயல்பானதுதான். ஆனால் விமானம் ஏறும் நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கே-1 வேகமானதாகத் தெரியும். துணை கையில் கிரீன் கார்டோடு வேலைக்குப் போகும் நாளை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லாதவர்களுக்கு சிஆர்-1. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

கே-1: பாதி வழி வரைதான் டிக்கெட்

குடியுரிமை உள்ளவர் ஐ-129எஃப் படிவம் போடுவதில் இது தொடங்குகிறது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது. இருவரும் விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களுக்குள் ஒரு தடவையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ கால் கணக்கில் வராது. நேர்காணல் முடிந்து விசா கிடைத்தால், ஒரே ஒரு முறை உள்ளே நுழையலாம். நுழைந்த 90 நாளுக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். அந்த 90 நாளை நீட்டிக்க வழியே இல்லை. மனம் மாறி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே தங்கிவிடவும் முடியாது. விண்ணப்பித்தவரையே மணக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும்.

கல்யாணம் ஆனதும் எல்லாம் முடிந்துவிடாது. அங்கிருந்துதான் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பமே ஆரம்பம். அதோடு வேலை அனுமதிக்கு ஒரு படிவம், ஊருக்குப் போய் வர அட்வான்ஸ் பரோலுக்கு இன்னொரு படிவம். வேலை அனுமதி வரும் வரை துணை வீட்டில்தான். பரோல் கைக்கு வருவதற்குள் ஊரில் ஏதாவது அவசரம் என்று கிளம்பிவிட்டால், ஐ-485 கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு எல்லாம் முதலிலிருந்து. ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே கே-1-ஐ ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கே-1 கேட்பவர் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். நம் நிச்சயதார்த்தமோ மண்டபம், மேடை, மாலை மாற்றல், பட்டுப்புடவை, ஐந்நூறு பேர் சாப்பாடு என்று நடக்கிறது. அந்தப் புகைப்படங்களை ஆதாரமாக நீட்டினால், தூதரக அதிகாரி பார்க்கும் முதல் பார்வையிலேயே "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்பார். ஆகவில்லை என்று அதற்கு மேல் நிரூபிப்பது பெரும்பாடு. கே-1 என்று முடிவு செய்தவர்கள் நிச்சயத்தை எளிமையாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர்கள் "கோயில்ல ஒரு தாலியை மட்டும் கட்டிட்டு அனுப்பிடலாமே, ரிஜிஸ்டர் அங்க பண்ணிக்கட்டும்" என்பார்கள். அந்தத் தாலிதான் கே-1-க்கு வேட்டு. கோயிலில் தாலி கட்டினாலே சட்டப்படி கல்யாணம் ஆகிவிடலாம், பதிவு செய்யவில்லை என்பது பதில் ஆகாது.

சிஆர்-1: மெதுவாக வந்தாலும் முழுசாக வரும்

இதில் கல்யாணம் முதலில். பிறகு துணைக்காகப் போடும் ஐ-130 மனு, ஒப்புதல் ஆனதும் தேசிய விசா மையத்தில் ஆவணங்களும் கட்டணமும், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். இந்தியாவில் இருப்பவர்களுக்கு நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான். சென்னையிலேயே முடித்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐ-130 ஒப்புதலே ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கொடுமைதான், மறுக்கவில்லை.

ஆனால் விமான நிலையத்தில் முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து துணை நிரந்தரக் குடியிருப்பாளர். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேரலாம், அடுத்த மாதமே தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வரலாம். அட்டை பின்னால் தபாலில் வரும். குடியுரிமைக்கான மூன்று வருடக் கணக்கும் வந்திறங்கிய அன்றே ஓடத் தொடங்கும். கே-1-இல் அந்தக் கடிகாரம் ஐ-485 ஒப்புதலான நாளில்தான் தொடங்கும், அதற்குள் பல மாதங்கள் போயிருக்கும்.

கல்யாணம் ஆகி இரண்டு வருடத்துக்குள் வந்து இறங்கினால் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை அட்டை. போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-இல் வந்த சட்டத்தின் ஏற்பாடு இது. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். கே-1-இல் வருபவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். சிஆர்-1-இல் ஒரு நுணுக்கம்: விசா கையில் வந்து, இரண்டாம் கல்யாண நாளுக்குச் சில வாரங்களே பாக்கி என்றால், விசா காலாவதி ஆகாத பட்சத்தில் அந்த நாள் கழித்து நுழையுங்கள். நேராகப் பத்து வருட அட்டை, ஐ-751 தலைவலியே இல்லை.

பணம்

2024 ஏப்ரல் 1 முதல் அமலான கட்டணங்களை வைத்துக் கூட்டிப் பார்ப்போம். சிஆர்-1-க்கு ஆன்லைனில் ஐ-130 போட 625 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325, அழைப்பவரின் வருமான உறுதிமொழியான ஆதரவுப் பத்திரத்தின் பரிசீலனைக்கு 120, குடியேற்றக் கட்டணம் 235. மொத்தம் 1,305. கே-1-க்கு ஐ-129எஃப் 675, விசா 265, அப்புறம் ஐ-485-க்கு 1,440. மொத்தம் 2,380. வேலை அனுமதிக்கு 260, அட்வான்ஸ் பரோலுக்கு 630 சேர்த்தால் 3,270. மருத்துவச் செலவும் வக்கீல் செலவும் இதில் இல்லை. அதாவது வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு மேல் இரண்டரை மடங்கு கட்டணமும் கட்டுகிறோம். முன்பெல்லாம் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே அந்த இரண்டு அனுமதிகளும் அடங்கியிருந்தன. 2024-இல் அவற்றைப் பிரித்ததில்தான் கே-1 இவ்வளவு கனத்துவிட்டது.

ஏஓஎஸ்: இருப்பவருக்கு மட்டும், வரவழைக்க அல்ல

துணை எச்-1பி வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ அமெரிக்காவில் இருந்து, அங்கேயே பழகிக் கல்யாணம் ஆகிறது என்றால் இதுதான் நேர்வழி. ஐ-130, ஐ-485 இரண்டையும் ஒன்றாகப் போடலாம், பிரிந்திருக்கத் தேவையில்லை. சுற்றுலா விசாவில் வரவழைத்து, இறங்கியதும் கல்யாணம் செய்து மனுப் போட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் ஆபத்து. "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று எல்லையில் சொன்னது பொய் என்று முடிவானால், அது தவறான தகவல் தந்த குற்றம். அதன் தடை ஆயுள் முழுக்க. நுழைந்த 90 நாளுக்குள் இப்படி நடந்தால் வெளியுறவுத் துறையின் வழிகாட்டுதல்படியே சந்தேகம் எழும். 91-ஆம் நாள் செய்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கேள்வி நாளைப் பற்றியதல்ல, நுழையும்போது மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது.

கே-1 எங்கே ஜெயிக்கிறது

துணைக்கு முந்தைய உறவில் 18 முதல் 20 வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால் கே-1-ஐத் தள்ளிவிடாதீர்கள். சிஆர்-1 வழியில் அந்தப் பிள்ளையைத் துணையின் பிள்ளை என்ற முறையில் (ஸ்டெப்சைல்ட்) அழைக்க வேண்டும். அதற்குப் பிள்ளைக்கு 18 முடிவதற்குள் இந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கே-1-உடன் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தரும் கே-2 விசாவில் 21 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயுடனோ தந்தையுடனோ சேர்ந்தே வரலாம். ஒரே படிவத்தில் பெயர் சேர்த்தால் போதும்.

அடுத்து, தங்கள் நாட்டில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாதவர்கள். ஒரே பாலினத் தம்பதிகளின் கல்யாணத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறை 2013-இலிருந்து ஏற்கிறது. இந்தியாவில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை வழங்க மறுத்துவிட்டது. இவர்கள் மூன்றாவது நாடொன்றில் போய்க் கல்யாணம் செய்து சிஆர்-1 போடலாம், அல்லது கே-1. பயணமும் செலவும் ஒத்துவராதவர்களுக்கு கே-1 தான் சுலபம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள்

இவர்களுக்கு எஃப்2ஏ என்ற வரிசை. வருடாந்திர எண்ணிக்கை வரம்பு இருப்பதால் வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர் நடுவில் குடியுரிமை பெற்றுவிட்டால் வரிசையே இல்லாத பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம்.

கல்யாணத் தேதி இங்கே ஆளையே புரட்டிப்போடும். வேலை வழியாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், அது ஒப்புதலாவதற்கு முந்தைய நாள் கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தால்கூட, துணை அந்த விண்ணப்பத்தின் வாலைப் பிடித்துப் பின்தொடரலாம். மறுநாள் செய்தால் எஃப்2ஏ வரிசையின் கடைசியில் புதிதாக நிற்க வேண்டும். இதற்கு நேரெதிர்: கிரீன் கார்டு உள்ள அப்பாவோ அம்மாவோ கல்யாணமாகாத பிள்ளைக்காகப் போட்ட மனுவில் காத்திருப்பவர், நடுவில் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனுவே செத்துவிடும். ஒரே செயல், ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குச் சாபம். தேதி குறிக்க ஜோசியரிடம் போவதற்கு முன் எந்தப் பிரிவில் நிற்கிறோம் என்று பார்த்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வேலை வழி வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பிறந்தவர், இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்த ஒருவரைக் கல்யாணம் செய்தால், துணை பிறந்த நாட்டின் வரிசையில் இருவரும் சேர்ந்து நிற்கலாம். இந்திய வரிசையின் நீளம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த வழியானாலும்

ஆவணங்களில் நம்மை மாட்டிவிடுவது பெயர். கல்யாணச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகி வரும். அதன் பிறகு ஓட்டுநர் உரிமம் முதல் வங்கிக் கணக்கு வரை அதே பெயர்தான். கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, அதில் இருப்பது போலவே பதிவில் எழுதச் சொல்லுங்கள். மண்டபத்திலோ கோயிலிலோ தரும் ரசீதும் சான்றும் போதாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும்.

அழைப்பவர் கையெழுத்திடும் ஐ-864 ஆதரவுப் பத்திரத்தைச் சம்பிரதாயக் காகிதமாக நினைப்பவர்கள் நிறைய. வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 26,400 டாலர். குறைந்தால் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம். அவர் மாமாவோ நண்பரோ யாராக இருந்தாலும், கையெழுத்திடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேர வேண்டும், அல்லது அந்தஸ்தை விட்டுவிட்டு நாட்டைவிட்டுப் போக வேண்டும், அல்லது இறந்துபோக வேண்டும். அதுவரை அந்தக் கையெழுத்து உயிரோடு இருக்கும்.