தவணை ஏறவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள்: வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். மாதத் தவணை எவ்வளவு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நான் ஏமாற்றப்பட்டது அதில் அல்ல, இந்த எண்ணிக்கையில்தான்.

2021-ல் ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் இருபது வருடக் கடன் வாங்கினேன். மிதக்கும் வட்டி, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி; அப்போது 7 சதவீதம். கையெழுத்து வாங்க வந்தவர், "ரிப்போ ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும் சார்" என்று உறுதியாகச் சொன்னார். ரிப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததோ வேறு. அந்த நிறுவனம் தானே நிர்ணயிக்கும் பிஎல்ஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை ஒட்டித்தான் என் வட்டி மாறும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இது தெரிந்தே அவர் அப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குப் போனது. என் வட்டியும் கூடவே ஏறி 9-ஐத் தொட்டது. ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தி வரும்: வட்டி மாற்றப்பட்டுள்ளது, தவணைத் தொகையில் மாற்றம் இல்லை. தவணைக் காலம் நீள்கிறது என்று ஒரு வார்த்தை இருக்காது.

அந்த ஒரு வார்த்தையின் விலை என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் ரூபாய், 20 வருடம், 7 சதவீதம் என்றால் தவணை சுமார் 23,260 ரூபாய். கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 9 ஆகிவிட்டால், முதல் மாத வட்டி மட்டும் 22,500. அசலில் கழிவது எழுநூற்றுச் சொச்சம்தான். தவணையை ஏற்றாமல் விட்டால் கடன் முடிய 38 வருடம் ஆகும். 9.5 ஆனால் மாத வட்டியே 23,750. அதாவது மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியும் கடன் வளரும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

எனக்குச் சந்தேகம் வந்து கிளைக்குப் போய்க் கேட்டபோது, நான் ஓய்வுபெற்று வெகு காலம் கழித்துத்தான் கடன் முடியும் என்று தெரிந்தது. "இஎம்ஐ ஏறலையே சார், அதைப் பாருங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. வட்டியைக் குறைக்க வேண்டுமானால் கன்வெர்ஷன் கட்டணம் கட்டுங்கள் என்றார். அதே கவுன்டரில் புதிதாகக் கடன் கேட்டு வந்தவருக்கு என்னுடையதைவிடக் குறைந்த வட்டி சொன்னார்கள். ஒழுங்காகக் கட்டுகிற பழைய ஆளுக்கு அதிக வட்டி! 2025 பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் ரிப்போ 5.25 வரை இறங்கியபோதும், ஏறும்போது இருந்த வேகம் இவர்களிடம் இல்லை.

கேட்காமல் காலத்தை நீட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது: வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டுகிறேன் என்று அசல் வளரும்படி விடக்கூடாது. கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகள், வட்டி விகிதம் எல்லாம் போட்டுக் காலாண்டுக்கு ஒரு ஸ்டேட்மென்ட் தர வேண்டும். இது வங்கிக்கும் பொருந்தும், வீட்டுவசதி நிதி நிறுவனத்துக்கும் பொருந்தும். வரவில்லையென்றால் வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வங்கி மீதான புகாரை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், வீட்டுவசதி நிதி நிறுவனம் மீதான புகாரைத் தேசிய வீட்டுவசதி வங்கியிடமும் கொண்டுபோகலாம்.

நான் கடைசியில் ஒரு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொண்டேன். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டு என்று கிளையில் பயமுறுத்தினார்கள். தனிநபர் வாங்கிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படி வாங்கக் கூடாது, எழுதிக் கொடுங்கள் என்றதும் அந்தப் பேச்சே நின்றது. அப்புறம், கடனை முழுதாக அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் ஃபோர்குளோஷர் லெட்டர் கொடுக்க இழுத்தடித்தார்கள். கடனை மாற்றுவதிலும் செலவு இருக்கிறது: புதிய இடத்தின் செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, எம்ஓடி பதிவு (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு). மிச்சமாகும் வட்டி இதையெல்லாம் தாண்டுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கடனின் ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் லாபம். கடைசிச் சில வருடங்களில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மாற்ற முடியாதவர்கள் கைக்குக் கிடைக்கும் போனஸையாவது அசலில் போடுங்கள். போடும்போது "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

முழுக் கடனையும் அடைத்துவிட்டவர்களுக்கு ஒன்று. மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தாமதமென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல் எம்ஓடி ரத்தையும் பதிவு செய்யச் சொல்லி, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.