இறக்கிய காருக்கு எது சரி: கேம்பர் போல்ட்டா, தடித்த ஆன்டி ரோல் பாரா, பின் (pin) நீளமான பால் ஜாயின்ட்டா?

காரை இறக்குவது, அதாவது தரையிலிருந்து அதன் உயரத்தைக் குறைப்பது, பெரிய வேலை இல்லை, நல்ல ஸ்பிரிங் வாங்கி மாட்டினால் அரை நாளில் முடிந்துவிடும். இறக்கிய பிறகு முன்பக்க ஜியோமெட்ரியை (சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் நிற்கும் கோணங்களை) எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால்தான் பெங்களூரில் பட்டறைக்கு ஒரு பதில் வருகிறது. ஒருவர் கேம்பர் போல்ட் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணமான கேம்பரை மாற்றும் போல்ட்) போதும் என்பார், இன்னொருவர் ஆன்டி ரோல் பாரை (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) மாற்றச் சொல்வார், விஷயம் தெரிந்தவர் பின் (pin) நீளமான பால் ஜாயின்ட் போடச் சொல்வார். மூன்றும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை, அதனால் முதலில் நோயைப் பார்த்துவிடலாம்.

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு ஆர்ம், அதன் வெளிமுனையில் பால் ஜாயின்ட் (பந்தும் அதிலிருந்து மேலே நீளும் பின்னும் உள்ள மூட்டு), அதற்கு மேல் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு), அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்). கம்பெனியிலிருந்து வரும்போது ஆர்ம் ஏறக்குறைய மட்டமாக, அல்லது வெளிமுனை கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். காரை இறக்கினால் பாடியோடு ஆர்மின் உள்முனை கீழே வரும், வெளிமுனை சக்கரத்தோடு அங்கேயே நிற்கும். 330 மி.மீ. நீள ஆர்ம் உள்ள காரை 50 மி.மீ. இறக்கினால் ஆர்ம் எட்டரை டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். இதனால் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) கீழே போகிறது, அதுவும் காரின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. அதனால் ஸ்பிரிங்கின் கடினம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் இறக்கிய கார் வளைவில் அதிகமாகத்தான் சாயும். கூடவே, சக்கரம் மேலே அமுங்கும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்வதும்) குறைகிறது, ரொம்ப இறக்கினால் பாசிட்டிவ் பக்கம் திரும்பிவிடும்.

கேம்பர் போல்ட் மலிவு. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும் கார்களில் ஒன்றை மாற்றினாலே ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். நந்தி மலை ஏறி இறங்கி டயரின் வெளித்தோள் தேய்கிறது என்பவருக்கு உபயோகம்தான். ஆனால் ஆர்மின் சாய்வு அப்படியே இருக்கும், ரோல் சென்டரும் பெரிதாக அசையாது. கேம்பரைத் தொட்டால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்பக்கம் டயர் கத்தி மாதிரி தேய்ந்து வரும் கார்களில் பலவற்றில் குற்றவாளி கேம்பர் இல்லை, அதற்குப் பிறகு சரிசெய்யாமல் விட்ட டோ.

தடித்த பார் சாய்வைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறது. நம் தெருக்களில் பள்ளம் எப்போதும் ஒரு பக்கம்தான் வரும், அப்போது அடி மறுபக்கத்துக்கும் போகும். நைஸ் ரோடு (NICE) என்ற சுங்கச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு ஒத்துவரலாம், தினமும் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஆபீஸ் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

காரணத்தையே தொடுவது பால் ஜாயின்ட்தான். பின் 20 மி.மீ. நீளமாக இருந்தால் பந்து அவ்வளவு கீழே உட்காரும், ஆர்மின் வெளிமுனை தாழும், முன்பு சொன்ன அதே ஆர்மில் மூன்றரை டிகிரி திரும்பக் கிடைக்கும். காரின் உயரம் மாறாது, ஏனென்றால் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும். போலோ போல பால் ஜாயின்ட் தனியாகக் கழன்று வரும் கார்களில் மாற்றுவது சுலபம், ஆர்மோடு சேர்ந்தே வரும் கார்களில் ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் இங்கேதான் நிறையப் பேர் பாதி வேலையில் நிறுத்திவிடுகிறார்கள். "அண்ணா, பால் ஜாயின்ட் மட்டும் போடுங்க, டை ராட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பதறும். கார் இறங்கும்போது ஆர்மும், ஸ்டியரிங் ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் சாய்ந்தன. இப்போது ஆர்மை மட்டும் திருத்திவிட்டு டை ராடைச் சாய்வாகவே விட்டால் இரண்டும் வெவ்வேறு வளைவில் நகரும். ஸ்டியரிங் ரேக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் காரில், சக்கரம் மேட்டில் ஏறும்போது அதன் முன்பக்கம் வெளியே திரும்பும். நீங்கள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பீர்கள், கார் பக்கவாட்டில் இழுக்கும். இதுதான் பம்ப் ஸ்டியர். அதனால் பின் நீளமான டை ராட் எண்டும் (டை ராடின் வெளிமுனை மூட்டும்) ஜோடியாக வேண்டும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: எண்டின் பின் (pin) நக்கிளுக்குக் கீழிருந்து மேலே நுழைந்தால் நீளமானது உதவும், மேலிருந்து கீழே நுழையும் காரில் அதே சாமான் டை ராடை இன்னும் உயர்த்தி நிலைமையை மோசமாக்கும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, ஜாக்கியால் சக்கரத்தை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக உயர்த்திக்கொண்டே டோ எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கார் ஓடும் உயரத்துக்கு மேலும் கீழும் 30 மி.மீ. வரை எண் பெரிதாக மாறக் கூடாது.

டொயோட்டா ஏஇ86 போன்ற பழைய கார்களில் ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கும் நடுவில் ஸ்பேசர் வைப்பார்கள், பால் ஜாயின்ட்டும் டை ராடும் சேர்ந்தே இறங்கும். அழகான ஏற்பாடு, ஆனால் இங்கே ஓடும் இன்றைய கார்களின் நக்கிளில் அதற்கு இடமில்லை.

நீளப் பின்னுக்கு ஒரு விலை உண்டு. பின் 20 மி.மீ. நீண்டால், பக்கவாட்டில் விழும் ஒவ்வொரு நூறு கிலோ விசைக்கும் ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர் வளைப்பு கூடுகிறது. பள்ளத்தில் விழும்போது விசை பல மடங்கு. அதனால் லேத்து பட்டறையில் பழைய பின்னை வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டிங் செய்து தருகிறோம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது வெப்பப் பதம் ஏற்றிய எஃகு, வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும், ஒடிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். 14 இஞ்ச் ரிம் போட்டிருந்தால் பந்தின் அடிப்பாகம் ரிம்மில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

எவ்வளவு இறக்குவது என்பதற்கு வருகிறேன். ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) தரப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் லேஅவுட் தெருக்களில் உள்ளவை பல அதைவிடக் குறுகல், செங்குத்து. என் கணக்கில் 30 மி.மீ.க்குள் நின்றால் பால் ஜாயின்ட்டே வேண்டாம், டோ சரிபார்த்து ஓட்டுங்கள். 40-ஐத் தாண்டினால் பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் ஜோடியாக, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் கேம்பர் போல்ட். ஜோடிக்குக் காசு இல்லை என்றால் காரை 20 மி.மீ. உயர்த்திவிடுங்கள், அதே மூன்றரை டிகிரி கிடைத்துவிடும்; உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ட்ரட் என்றால் சாமான் செலவும் இல்லை. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு அபராதம் உண்டு.

மாட்டும்போது நக்கிளின் பிஞ்ச் போல்ட்டை (பால் ஜாயின்ட்டின் பின்னை இறுக்கிப் பிடிப்பது) புதிதாகப் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று ஜாக்கி போட்டுப் பார்த்துவிடுங்கள்.