கிட்னி போன பூனைக்கு வீட்டில் டிரிப்ஸ்: எந்தப் பாட்டில், எந்த ஊசி வாங்கலாம்?

தெருவிலிருந்து எடுத்து வந்த பூனை. நீர்ச்சத்தைச் சரிசெய்த பிறகும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தப் பரிசோதனையில் தெரியும்) 5 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கவில்லை, சிறுநீர்ப் பாதையில் அடைப்பும் இல்லை என்றால் நாள்பட்ட சிறுநீரக நோயின் நான்காம் நிலை. இனி குணமாகாது. ஆனாலும் தோலுக்கடியில் திரவம் ஏற்றினால் குமட்டல் தணிந்து இரண்டு வாய் சாப்பிடும், வெயிலில் போய்ப் படுக்கும். அதற்காக அடிக்கடி கூடையில் அடைத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போவது பயந்த பூனைக்குப் பெரும் கொடுமை. டாக்டர் அளவை எழுதித் தந்து, ஒருமுறை செய்தும் காட்டிவிட்டால் வீட்டிலேயே ஏற்றலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பொருள்களில் எது உதவும், எது உதவாது என்று பார்ப்போம்.

முதலில் பாட்டில். ரிங்கர் லாக்டேட் 500 மி.லி. போதும். லேபிளில் 'காம்பவுண்ட் சோடியம் லாக்டேட்' என்று இருக்கும். கடையில் போய் 'குளுக்கோஸ் பாட்டில்' என்று கேட்டால் டெக்ஸ்ட்ரோஸோ (சர்க்கரை நீர்) டி.என்.எஸ்ஸோ (சர்க்கரையும் உப்பும் கலந்த நீர்) கையில் வந்துவிடும். அவை தோலுக்கடியில் ஏற்றக்கூடாதவை. டெக்ஸ்ட்ரோஸில் உப்புகள் இல்லாததால் உடம்பிலிருக்கும் உப்பை அந்த இடத்துக்கு இழுக்கும், சீழும் பிடிக்கலாம். நம் ஊர் பாட்டிலில் ஒரு குறை உண்டு: பிளாஸ்டிக் விறைப்பானது, தானாகச் சுருங்காது. காற்று உள்ளே போகாவிட்டால் பாதியில் சொட்டு நின்றுவிடும். பலர் பாட்டிலின் மேல்பக்கத்தில் ஒரு ஊசியைக் குத்திவைக்கிறார்கள். அறைக்காற்றும் தூசியும் அதன் வழியே நேராக உள்ளே போகும். அதற்குப் பதில் காற்றுவழியும் ஃபில்டரும் உள்ள ஐ.வி. செட்டை (பாட்டிலையும் ஊசியையும் இணைக்கும் குழாய்) கேட்டு வாங்குங்கள்.

செட்டில் 20 சொட்டுக்கு 1 மி.லி. விழும் சாதாரண வகையே சரி. 60 சொட்டுக்கு 1 மி.லி. விழும் மைக்ரோ செட் குழந்தைகளுக்கானது. அளவுக்குழாயோடு வரும் பியூரெட் செட் பார்க்கத் துல்லியம்தான், ஆனால் அதிலும் அதே சிறுசொட்டு. அவ்வளவு நேரம் எந்தப் பூனையும் உட்காராது. அளவு தெரிய வேண்டுமானால் ஏற்றும் முன்னும் பின்னும் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 100 கிராம் குறைந்தால் ஏறக்குறைய 100 மி.லி. போயிருக்கிறது. 4 கிலோ பூனைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஊசியில்தான் இருக்கிறது. ஊசியின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடக் கூட ஊசி மெல்லியது. 20 கேஜ், மஞ்சள் தலை, இதுவே எங்கள் தேர்வு. 18 கேஜ், பிங்க் தலை, வேகமாக ஏற்றும். ஆனால் துளை பெரிது, எடுத்த பிறகு கசியும். 'பிங்க்' என்று மட்டும் கேட்காதீர்கள், கான்யூலாவில் (ரத்தக்குழாயில் செருகிவைக்கும் பிளாஸ்டிக் குழாய்) பிங்க் என்றால் 20 கேஜ். கான்யூலா இதற்குத் தேவையே இல்லை. துள்ளும் பூனைக்கு 21 கேஜ் பட்டர்ஃபிளை (இறக்கைபோன்ற பிடியும் சிறு குழாயும் உள்ள ஊசி) நல்லது. குழாய் மெல்லியது, பூனை அசைந்தாலும் ஊசி இழுபடாது. வேகம் குறைவு என்பதால் 50 மி.லி. சிரிஞ்சில் மெதுவாக அழுத்த வேண்டியிருக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் 'தின் வால்' ஊசி கிடைத்தால் விடாதீர்கள். சுவர் மெல்லியதாக இருப்பதால் அதே தடிமனில் கூடுதல் திரவம் போகும். ஒரு தடவை குத்திய ஊசி மொட்டையாகிவிடும். மறுபடி குத்தினால் வலிக்கும், ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள்.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுச் சூடு பாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். பாட்டில் பூனைக்கு மூன்று, நான்கு அடி மேலே தொங்கட்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியின் வெட்டுமுகம் மேலே பார்க்க, முதுகுக்கு இணையாகச் செருக வேண்டும். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டு நின்றால் குத்தியதை எடுக்காமல் ஊசியை லேசாகத் திருப்புங்கள், பெரும்பாலும் முனை உள்ளே திசுவில் ஒட்டியிருக்கும். முடிந்ததும் துளையை விரலால் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து உட்காரவைத்தால் தெருவில் வளர்ந்த பூனையும் ஓரளவு அடங்கும்.

முதுகில் எழும் வீக்கம் முன்னங்காலுக்கு இறங்கும், பயப்பட வேண்டாம். அடுத்த முறை ஏற்றும்போதும் அது வற்றாமல் இருந்தால் ஏற்றாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலும் அப்படியே, நெஞ்சில் நீர் கோர்த்திருக்கலாம். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ரிங்கர் லாக்டேட்டில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. திறந்த பாட்டிலை நாள்கணக்கில் இழுக்காதீர்கள், கலங்கினால் உடனே கொட்டிவிடுங்கள். பாட்டில் மாறும்போது செட்டும் மாறட்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கிளினிக்கில் கொடுங்கள். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். குமட்டலுக்கும் பசிக்கும் தனி மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

திரவம் ஏற்றியும் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, வாயில் புண்ணும் அமோனியா நெடியும், உடம்பு சில்லிடுகிறது, மூலையில் ஒளிகிறது என்றால் இனி எந்தப் பாட்டிலாலும் பயனில்லை. கருணைக்கொலைக்கு முடிவெடுத்தால் டாக்டரிடம் ஒன்றை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்: முதலில் மயக்க ஊசி, பூனை ஆழ்ந்து உறங்கிய பிறகுதான் அடுத்த மருந்து. நீர் வற்றிய பூனைக்கு ஊசி போட ரத்தக்குழாய் கிடைப்பது கடினம். மயக்கம் சரியாக இருந்தால் டாக்டர் நிதானமாகத் தேடலாம், பூனைக்கு எதுவும் தெரியாது.